சென்னை – ஜித்தா: தூரமும் நேரமும் தொழுகையும்

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ நிய்யத்துச் செய்துவிட்ட வீட்டில் முதலில் எழும் கேள்வி, "விமானத்தில் எத்தனை மணி நேரம்?" என்பதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள். கால் வீங்குமே, மருந்து எப்போது சாப்பிடுவது, வழியில் சோறு கிடைக்குமா என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் அதே கேள்விக்குள் தொழுகையும் நோன்பும் இஹ்ராமும் அடங்கியிருக்கின்றன என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இதன் விளைவு என்னவென்றால், அரஃபாவில் நின்று அழுது துஆக் கேட்டுவிட்டுத் திரும்பும் ஹாஜி, தம் ஊர் மண்ணை மிதிக்கும் முன்பே ஒரு ஸுப்ஹுத் தொழுகையைப் பறிகொடுத்து விடுகிறார். தாம் பறிகொடுத்தது கூட அவருக்குத் தெரிவதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரப்படி தொழுததாகவே அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்!

எனவே இந்தப் பாடத்தில் சென்னை – ஜித்தா விமானப் பயணத்தை எடுத்துக்கொண்டு, அதன் தூரம் என்ன, நேரம் என்ன, அவை நம் வணக்கங்களை எப்படிப் பாதிக்கின்றன என்று சற்று விரிவாகப் பார்ப்போம். வேறு ஊரிலிருந்து புறப்படுவோரும் இதே முறையில் தங்கள் பயணத்துக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையம் வரை, பூமியின் வளைவை ஒட்டி நூல் பிடித்தாற்போல் அளந்தால் ஏறத்தாழ 4,440 கிலோ மீட்டர் ஆகும். விமானம் நூல் பிடித்தாற்போல் பறப்பதில்லை. ஆகாயத்திலும் அதற்கென்று குறித்த பாதைகள் உண்டு. பெரும்பாலும் நம் நாட்டைக் குறுக்கே கடந்து, அரபிக் கடலைத் தாண்டி, ஓமன் நாட்டின் மேலாகச் சவூதிப் பாலைநிலத்துக்குள் நுழைந்து ஜித்தாவை அடைகிறது. ஆகவே பறக்கும் தூரம் மேலே சொன்னதைவிடக் கூடுதலாகவே இருக்கும். வழியில் எங்கும் இறங்காத விமானமானால், போகும்போது சுமார் ஐந்தே முக்கால் மணி நேரமும், திரும்பும்போது சுமார் ஐந்தே கால் மணி நேரமும் பிடிக்கும். ஒரே தூரத்துக்கு ஏன் இந்த அரைமணி வித்தியாசம் என்றால், அவ்வளவு உயரத்தில் ஆண்டின் பெரும்பகுதி காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகைத் தள்ளும் காற்று.

முன்பெல்லாம் ஹாஜிகள் பம்பாய் சென்று கப்பலேறுவார்கள். அந்த ஹஜ் கப்பல் போக்குவரத்து 1995-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. கப்பலில் வாரக் கணக்கில் சென்றபோது, சூரியன் உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் நாளொன்றுக்குக் கால்மணி அளவே நகர்ந்தன. கப்பலின் கடிகாரத்தையும் அதற்கேற்பத் திருப்பி வைத்துக்கொண்டே போவார்கள். மேல்தளத்தில் நின்றால் சூரியனும் தெரியும், மஃரிபும் தெரியும். அந்தக் காலத்து ஹாஜிக்கு நாம் இங்கே எழுதும் பாடம் தேவைப்படவில்லை. அந்த வேலையெல்லாம் இன்று ஐந்தே முக்கால் மணிக்குள் முடிந்துவிடுவதால்தான் இது தேவைப்படுகிறது.

டிக்கெட்டில் இருப்பது எந்த நேரம்?

எடுத்துக்காட்டாக, சென்னையில் மாலை 4-00 மணிக்குப் புறப்படும் விமானம் ஜித்தாவில் இரவு 7-15 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் "மூன்றேகால் மணிப் பயணம்தானே" என்று தோன்றும். அப்படியல்ல. புறப்படும் நேரம் நம் நாட்டு மணி. இறங்கும் நேரம் சவூதி மணி. சவூதி மணி நம் மணிக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே இறங்கும்போது சென்னையில் மணி 9-45. உண்மையான பயணம் ஐந்தே முக்கால் மணி நேரம்.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. தவறாகக் கணக்கிட்ட அந்த மூன்றேகால் மணியும் வீணான கணக்கல்ல! பயணிக்கு ஐந்தே முக்கால் மணி நேரம் கழிகிறது; ஆனால் அவர் தலைக்கு மேல் சூரியன் நகர்வது ஏறத்தாழ மூன்று மணி நேர அளவுதான். ஏனென்றால் அவர் சூரியன் போகும் திசையிலேயே அதைத் துரத்திக்கொண்டு போகிறார். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகிறது. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே 41 பாகை. ஆக 164 நிமிடம். அதாவது சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து இரண்டே முக்கால் மணி நேரம் ஆன பிறகே ஜித்தாவில் உச்சிக்கு வருகிறது. கடிகாரங்கள் காட்டும் வித்தியாசம் இரண்டரை மணி. சூரியன் காட்டும் வித்தியாசம் இரண்டே முக்கால் மணி. கடிகாரம் அரசாங்கங்கள் வசதிக்காக வகுத்துக்கொண்டது. சூரியனின் ஓட்டமோ அல்லாஹ் வகுத்தது.

தொழுகை மூமின்களுக்கு நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 103-ஆம் வசனம் அறிவிக்கிறது. அந்த நேரங்களை ஜிப்ரீல் (அலை) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இமாமாக நின்று தொழுது காட்டிக் கற்றுக் கொடுத்தபோது, சூரியன் சாய்வதையும், நிழல் நீளுவதையும், சூரியன் மறைவதையும், செம்மை அடங்குவதையும், வைகறை வெளுப்பதையும் கொண்டே கற்றுக் கொடுத்தார்கள். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் அட்டவணை இந்த அடையாளங்களை அந்த ஊருக்காக மணியாக மாற்றி எழுதியதுதான். ஊர் மாறினால் அட்டவணை மாறும். விமானத்திலோ ஒவ்வொரு நிமிடமும் ஊர் மாறிக்கொண்டிருக்கிறது. மணிக்கு 850 கிலோ மீட்டர் என்று வைத்தால் நிமிடத்துக்கு 14 கிலோ மீட்டர்!

ஆகவே விமானத்தில் இருப்பவர் பார்க்க வேண்டியது சென்னை அட்டவணையும் அல்ல. ஜித்தா அட்டவணையும் அல்ல. அந்த நேரத்தில் தாம் இருக்கும் இடத்தில் சூரியன் என்ன நிலையில் இருக்கிறது என்பதே. சன்னலோர இருக்கை கிடைத்தவருக்கு இது எளிது. நடு வரிசையில் அகப்பட்டவர் என்ன செய்வார்? அவருக்காக ஒரு கணக்கைச் சொல்கிறோம். வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்றிருந்தால் போதும், புறப்படும் முன்பே போட்டுத் தந்துவிடும்.

மார்ச் மாதம் 21-ஆம் நாள் என்று கொள்வோம். அன்று சென்னையில் மஃரிப் சுமார் மாலை 6-20. ஜித்தாவில் சுமார் 6-36. அதை நம் மணிக்கு மாற்றினால் இரவு 9-06. இரண்டுக்கும் இடையே 2 மணி 46 நிமிடம். இப்போது பயணத்தை நான்கு பங்காக்கிக் கொள்ளுங்கள். நான்கு மணிக்குப் புறப்பட்ட விமானம் கால் தூரம் போயிருக்கும்போது நம் மணி 5-26. அந்த இடத்தில் மஃரிப் 7-01. பாதித் தூரத்தில் நம் மணி 6-52. அங்கே மஃரிப் 7-43. முக்கால் தூரத்தில் மணி 8-19. அங்கே மஃரிப் 8-24. ஆக முக்கால் தூரம் தாண்டிச் சற்று நேரத்தில், சுமார் 8-30 மணிக்கு, விமானத்துக்குக் கீழே தரையில் இருப்பவர்களுக்குச் சூரியன் மறைகிறது. சென்னைக் கடிகாரத்தை நம்பி 6-25-க்கே மஃரிப் தொழுதவர் சூரியன் நன்றாக ஒளிவீசிக் கொண்டிருக்கும்போது தொழுதிருக்கிறார். நேரம் வருமுன் தொழுத தொழுகை நிறைவேறாது. அதைத் திரும்பத் தொழ வேண்டும்.

"தரையில் இருப்பவர்களுக்கு" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உயரத்தில் இருப்பவருக்கு அடிவானம் தாழ்ந்து தெரியும். ஆகவே சூரியன் தாமதமாக மறையும், முன்னதாக உதிக்கும். துபையில் உள்ள புர்ஜ் கலீஃபா கட்டிடத்தின் மேல் மாடிகளில் வசிப்போர், கீழே இருப்பவர்களைவிட இரண்டு மூன்று நிமிடம் தாமதித்தே நோன்பு திறக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு ரமலானில் அவ்வூர் மார்க்க அதிகாரிகள் அறிவித்தார்கள். எண்ணூறு மீட்டர் உயரக் கட்டிடத்துக்கே இப்படியென்றால், பத்தாயிரம் மீட்டருக்கும் மேலே பறக்கும் விமானத்தைக் கேட்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் அசையாமல் நின்றாலே அந்த உயரத்தில் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் தாமதமாகும். மேற்கே ஓடிக்கொண்டும் இருப்பதால் அது இரட்டிப்பாகி, மேலே சொன்ன பயணத்தில் கண்ணுக்குத் தெரிய சூரியன் மறையும்போது நம் மணி 8-50-ஐத் தாண்டிவிடும்.

திரும்பும் வழியில்தான் ஆபத்து

போகும்போது சூரியனைத் துரத்துகிறோம், பகல் நீளுகிறது. திரும்பும்போது சூரியன் வரும் திசையை நோக்கி எதிரே போகிறோம், இரவு சுருங்குகிறது. நம் ஹாஜிகளில் பலர் நள்ளிரவு கழிந்து ஜித்தாவில் விமானம் ஏறுகிறார்கள். பல நாள் களைப்பு, இறங்கியதும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப்போகும் மகிழ்ச்சி. ஏறியதும் உறங்கி விடுகிறார்கள். அதே மார்ச் 21-ஐ வைத்தே பார்ப்போம். சவூதி மணி அதிகாலை 2-00-க்குப் புறப்பட்டு, அவர்கள் மணிப்படி 7-15-க்கு (நம் மணி 9-45) சென்னையில் இறங்குகிறது.

ஜித்தாவில் அன்று ஸுப்ஹு சுமார் 5-15; சூரிய உதயம் 6-29. ஹாஜியின் கடிகாரத்தில் இன்னும் ஜித்தா மணிதான். "ஐந்தேகாலுக்குத்தானே ஸுப்ஹு, ஐந்தரைக்கு எழுந்து தொழலாம்" என்று நினைத்துக் கண்ணயர்கிறார். ஆனால் விமானம் கிழக்கே விரைந்து கொண்டிருக்கிறது. முன்போலவே கணக்கிட்டால், அவர் இருக்கும் இடத்தில் ஸுப்ஹு நேரம் நுழைவது ஜித்தா மணி சுமார் 4-08-க்கு. உயரத்தையும் சேர்த்துக் கொண்டால் சூரியன் சன்னலில் தலைகாட்டுவது சுமார் 4-47-க்கு. அவர் எழுந்திருக்கும்போது சூரியன் உதித்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்! தரையில் ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கும் ஸுப்ஹு வக்து, அங்கே நாற்பது நிமிடத்தில் முடிந்து விட்டது.

இன்னொரு ஹாஜி, ஏறியதுமே கடிகாரத்தை நம் நாட்டு மணிக்குத் திருப்பி வைத்துவிடுகிறார். சென்னையில் ஸுப்ஹு சுமார் 5-02. அது ஜித்தா மணியில் 2-32. விமானம் கிளம்பி அரைமணிதான் ஆகியிருக்கிறது. வெளியே கும்மிருட்டு. அப்போது அவர் தொழுதால் அது நேரம் வருமுன் தொழுத தொழுகை. ஆக, ஒருவர் ஜித்தாக் கடிகாரத்தை நம்பி நேரம் தவறிப்போய்த் தொழுதார். மற்றவர் சென்னைக் கடிகாரத்தை நம்பி நேரம் வருமுன் தொழுதார். இருவரும் பேணுதலானவர்களே. இருவருக்கும் ஸுப்ஹு நேரத்தில் அமையவில்லை.

மற்றத் தொழுகைகளுக்காவது ஷாஃபிஈ மத்ஹபில் பயணிக்கு ஜம்உ என்ற சலுகை உண்டு. ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஏதாவது ஒன்றின் நேரத்தில் சேர்த்துத் தொழலாம். ஸுப்ஹு எதனோடும் சேராது. அதற்குக் கஸ்ரும் இல்லை. எனவே திரும்பும் விமானத்தில் ஸுப்ஹுக்காக யாராவது ஒருவர் விழித்திருப்பது என்று ஒரு கூட்டமாகச் செல்வோர் முறைவைத்துக் கொள்வது நல்லது. கிழக்கே செல்வதால் விடியல் விமானத்தின் முன்பக்கத்திலிருந்துதான் வரும். சன்னல் மூடியைத் திறந்து முன்பக்கமாகச் சாய்ந்து பார்த்தால் அடிவானில் வெண்மை படர்வது தெரியும். பணிப்பெண்கள் சன்னல் மூடிகளை அடைத்து வைக்கச் சொல்லும் நேரம் அது. ஒரு நிமிடம் திறந்து பார்த்து மூடிவிட யாரும் மறுக்கமாட்டார்கள்.

போகும் வழியில் நிலைமை இதற்கு நேர்மாறு. பின்னிரவில் சென்னையை விட்டுப் புறப்பட்டவருக்கு ஸுப்ஹு வக்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அங்கே தவறவிடச் சாக்கே இல்லை.

விமானத்தில் எப்படித் தொழுவது என்ற கேள்வி அடுத்து வருகிறது. கப்பலில் தொழுவதை வைத்து ஒப்பிட்டு, விமானத்திலும் ஃபர்ளுத் தொழுகை கூடும் என்றே இக்காலத்து உலமாக்களில் பெரும்பாலோர் கூறுகின்றனர். நாயகம் (ஸல்) அவர்கள் ஸுன்னத்தான தொழுகைகளை ஒட்டகத்தின் மீது அமர்ந்து, அது போகும் திசையிலேயே தொழுதிருக்கிறார்கள். ஃபர்ளுக்கு இறங்கித் தொழுதிருக்கிறார்கள். எனவே ஃபர்ளில் நிற்பது, கிப்லா, ருகூஉ, ஸுஜூது ஆகியவற்றை முடிந்தவரை விடக்கூடாது. சவூதியா விமானங்கள் சிலவற்றில் பின்பகுதியில் தொழ இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மற்றவற்றில் கதவருகே சற்று இடம் இருக்கும். பணியாளரிடம் கேட்டுக்கொண்டு, இடைவார் கட்டும் விளக்கு எரியாத நேரத்தில் இரண்டிரண்டு பேராகத் தொழுதுவிடலாம். நாற்பது பேர் எழுந்து நடைபாதையை அடைத்துக்கொள்வது முறையல்ல. எந்த வகையிலும் நிற்க வாய்ப்பில்லை என்றால், நேரத்தின் கண்ணியத்துக்காக இருக்கையிலேயே சைகையால் தொழுதுவிட்டு, இறங்கியபின் அதைத் திரும்பத் தொழவேண்டும்.

கிப்லாவைப் பற்றி ஒரு நற்செய்தி. சென்னைக்குக் கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே ஒதுங்கியிருக்கிறது. ஜித்தாவும் சென்னையிலிருந்து ஏறத்தாழ அதே திசையில்தான் இருக்கிறது. ஆகவே போகும்போது, இறங்க நெருங்கும் வரை, விமானத்தின் மூக்கு இருக்கும் பக்கமே ஏறத்தாழக் கிப்லா. நம் முன்னால் இருக்கும் இருக்கையை நோக்கி நின்றால் போதும். திரும்பும்போது அது முதுகுப் பக்கமாகிவிடும். அப்போது விமானத்தின் வாலை நோக்கி நிற்க வேண்டும். பலரும் இதை மறந்து, போகும்போது நின்றது போலவே வரும்போதும் நின்று விடுகிறார்கள்.

ஒளுவை ஏறுமுன்பே செய்துகொள்ளுங்கள். இருக்கையில் நன்றாக அழுந்தி அமர்ந்தபடியே உறங்கினால் ஷாஃபிஈ மத்ஹபில் ஒளு முறிவதில்லை. ஆனால் பக்கத்து இருக்கையில் மனைவி இருந்து கையோடு கை பட்டுவிட்டால் முறிந்துவிடும். கணவனும் மனைவியும் இடையில் ஒரு சால்வையைப் போட்டுக் கொள்வது நல்லது!

கஸ்ரைப் பற்றி இங்கே நீட்டத் தேவையில்லை. அதற்கான தூரத்தைப் பழைய கிதாபுகள் 48 மைல் என்கின்றன. இன்றைய அளவில் அதை 77 கிலோ மீட்டரிலிருந்து 90 வரையும் அதற்கு மேலும் பலவாறு கணக்கிட்டிருக்கிறார்கள். 4,440 கிலோ மீட்டருக்கு முன்னால் அந்தக் கருத்து வேறுபாட்டுக்கு வேலை இல்லை. கவனிக்க வேண்டியது, எங்கிருந்து கஸ்ர் ஆரம்பம் என்பதே. தூரம் எவ்வளவாயினும், ஊரின் குடியிருப்புகளைத் தாண்டிய பிறகுதான் ஒருவர் முஸாபிர் ஆகிறார். மீனம்பாக்கத்தைச் சுற்றிலும் வீடுகள். எனவே சென்னைவாசி விமான நிலையத்தில் தொழும்போது ளுஹரையும் அஸரையும் நான்காகவே தொழவேண்டும், ஜம்உவும் கூடாது. காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ வந்தவர் முன்பே முஸாபிர் ஆகிவிட்டார். மேலே சொன்ன நான்கு மணி விமானத்துக்கு, ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த அவர் பகல் ஒரு மணிக்கே ளுஹரையும் அஸரையும் இரண்டிரண்டாகச் சேர்த்துத் தொழுதுவிட்டு நிம்மதியாக ஏறலாம். ஹனஃபி மத்ஹபில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர ஜம்உ இல்லை. எனவே ஹனஃபிகளும், எந்த மத்ஹபினராயினும் சென்னைவாசிகளும் அந்த அஸரை விமானத்தில்தான் தொழ வேண்டியிருக்கும். இறங்கித் தொழலாம் என்று தள்ளிப்போட்டால் சூரியன் மறைந்து களாவாகி விடும்.

ரமலானில் உம்ராச் செல்வோர் இப்போது அதிகம். பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை அல்பகரா அத்தியாயம் கூறுகிறது. ஆனால் ஸுப்ஹுக்குப் பின் தம் ஊரிலிருந்து புறப்படுபவர் அன்றைய நோன்பை விடக்கூடாது. ஆகவே மாலை நான்கு மணிக்குப் பயணமாகும் சென்னைவாசி, ஸஹர் செய்து நோன்பு வைத்தே விமானம் ஏறுகிறார். சன்னலில் சூரியன் மறையும்வரை அவர் நோன்பு திறக்க முடியாது. நம் மணி ஒன்பதை நெருங்கும் வரை, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி யோசனை கேட்டுக்கொள்வது அவசியம். அல்லது இரவு விமானமாகப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

மீகாத் எங்கே வருகிறது?

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவாசிகளுக்குத் துல்ஹுலைஃபாவையும், ஷாம் தேசத்தவர்க்கு ஜுஹ்ஃபாவையும், நஜ்துவாசிகளுக்குக் கர்னுல் மனாஸிலையும், யமன்வாசிகளுக்கு யலம்லமையும் மீகாத்தாக நிர்ணயித்தார்கள். அந்தந்த வழியாக வரும் மற்றவர்களுக்கும் அவையே. நாம் கடல் வழியாக யமன் பக்கமிருந்து சென்றதால் நமக்கு யலம்லம் என்று பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். பின்னர் இராக்வாசிகள் தங்களுக்குக் கர்ன் வழியில் இல்லை என்று முறையிட்டபோது, அதற்கு நேராகத் தங்கள் பாதையில் எந்த இடம் வருகிறதோ அதைப் பார்க்கும்படி உமர் (ரலி) அவர்கள் சொன்னார்கள். அந்த அடிப்படையிலேயே, ஆகாயத்தில் செல்பவரும் மீகாத்துக்கு நேராக வரும்போது இஹ்ராமில் இருக்க வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டு அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் தீர்மானித்தது. ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் கட்டிக்கொள்ளலாம் என்று சிலர் கூறுவதை அவ்வுலமாக்கள் ஏற்கவில்லை.

இன்று கிழக்கிலிருந்து வரும் விமானம் பெரும்பாலும் நஜ்துப் பகுதியின் மேலாக வந்து தாயிஃப் பக்கமாகவே ஜித்தாவை நெருங்குகிறது. அதாவது கர்னுல் மனாஸிலுக்கு நேராக. அங்கிருந்து ஜித்தா விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 130 கிலோ மீட்டர்தான். நிமிடத்துக்கு 14 கிலோ மீட்டர் போகும் வாகனத்தில் ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் 70 கிலோ மீட்டர் கடந்து போய்விடும். மீகாத்தை இஹ்ராமின்றிக் கடந்தவர் திரும்பி ஒரு மீகாத்துக்குப் போய் இஹ்ராம் கட்ட வேண்டும்; இல்லையேல் ஓர் ஆட்டைப் பலியிட வேண்டும். அறிவிப்புச் செய்வார்கள்தான். ஆனால் அறிவிப்பு காதில் விழாமல் போவதுண்டு. மொழி புரியாமல் போவதும் உண்டு. எனவே சென்னையிலேயே குளித்து, இஹ்ராம் உடைகளை உடுத்திக்கொண்டு ஏறிவிட வேண்டும். விமானம் புறப்பட்டு நான்கு மணி நேரம் ஆனதும் நிய்யத்துச் செய்து தல்பியாச் சொல்லிவிடலாம். உறக்கம் வந்துவிடுமோ என்று அஞ்சுபவர் ஏறியதுமே நிய்யத்துச் செய்துவிட்டாலும் அது கூடும். மீகாத்துக்கு முன்பே இஹ்ராம் கட்டுவது குற்றமல்ல. பின்பு கட்டுவதுதான் குற்றம்.

இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வருபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும். ஜித்தாவில்தான் திரும்பக் கிடைக்கும். கைப்பையில் வையுங்கள். நிய்யத்துக்குப் பிறகு, சாப்பாட்டுத் தட்டோடு தரும் வாசனைக் காகிதத்தைப் பிரித்துக் கையைத் துடைத்துவிடாதீர்கள். இஹ்ராமில் நறுமணம் ஆகாது.

பெண்களுக்கு இஹ்ராமுக்கென்று தனி உடை இல்லை. முகத்தை மூடாதிருந்தால் போதும். மாதவிலக்கில் இருக்கும் பெண்கள் "நமக்குத்தான் தொழுகை இல்லையே" என்று நிய்யத்தையும் விட்டுவிடுகிறார்கள். இது பெரிய தவறு. அஸ்மா பின்து உமைஸ் (ரலி) அவர்கள் துல்ஹுலைஃபாவில் பிள்ளை பெற்ற நிலையிலேயே குளித்து இஹ்ராம் கட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எனவே விலக்கில் இருப்பவரும் மற்றவர்களோடு நிய்யத்துச் செய்து தல்பியாச் சொல்ல வேண்டும். சுத்தமாகும் வரை தவாஃபை மட்டும் பிற்படுத்த வேண்டும்.

முதலில் மதீனாவில் இறங்குபவர்களுக்கு விமானத்தில் இஹ்ராம் இல்லை. அவர்கள் மதீனாவிலிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் கட்டிக்கொள்வார்கள். ஜித்தாவுக்கு வேலைக்காகச் செல்பவர், ஹஜ்ஜு உம்ரா எண்ணம் இல்லாமலே மீகாத்தைக் கடந்திருந்தால் அவர் மீது எதுவும் இல்லை. பின்னர் உம்ரா எண்ணம் வந்தால் ஜித்தாவிலேயே கட்டிக்கொள்ளலாம். துபையிலோ தோஹாவிலோ இறங்கி வேறு விமானம் மாறிச் செல்பவர்கள், அந்த நிலையத்திலேயே இஹ்ராம் உடைக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் தொழுகை நேரத்தை இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும். சென்னையிலிருந்து துபைக்கு ஒரு கணக்கு. துபையிலிருந்து ஜித்தாவுக்கு இன்னொன்று. இடையில் தரையில் நிற்கும் நேரத்துக்குத் துபை அட்டவணையே சரியானது. புறப்படும் முன் மூன்று ஊர்களின் அன்றைய தொழுகை நேரங்களையும் ஒரே காகிதத்தில், ஒரே மணியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.